ராகம் கேட்கிறது, வரி கேட்கவில்லை: அறுபதுக்குப் பின் காதுக்குள் என்ன நடக்கிறது?

[திரையில்: ஒரு பியானோவின் வலக்கோடிக் கட்டை மட்டும். ஒரு விரல் அதை அழுத்துகிறது.]

வணக்கம். பியானோவின் வலக்கோடியில் இருக்கும் இந்தக் கடைசிக் கட்டையை அழுத்தினால் எழும் சுரம் ஒரு விநாடிக்கு 4186 முறை அதிர்கிறது, அதாவது 4186 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் போக அந்தக் கருவியில் கட்டையே கிடையாது. ஆனால் 'சிவன்' என்று சொல்லும்போது முதல் எழுத்தில் நாம் போகிற போக்கில் விடும் அந்தச் சிறு சீறல் இருக்கிறதே, அதன் பெரும்பகுதி இந்தக் கட்டையையும் தாண்டி, 8000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு அப்பாலும் நிற்கிறது. பணி ஓய்வு பெற்ற பிறகு இனியாவது நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம் என்று உட்காருபவர்கள், 'பாடகர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை' என்று சலித்துக்கொள்வதற்கான காரணம் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

என் பெரியப்பா அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மார்கழியில் சென்னை சபாக்களில் காலையிலும் பிற்பகலிலும் நடக்கும் இலவசக் கச்சேரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் போய்விடுவார். பாடகர் ஆலாபனையில் ஒரு பிடியைப் பிடிப்பதற்குள் 'பேகடா' என்று ராகத்தின் பெயரை என் காதில் சொல்வார், ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் கீர்த்தனை தொடங்கியதும், 'என்னடா சாகித்யம் இது?' என்று பாட்டின் வரிகளை என்னிடமே கேட்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பு போதாது என்பது அவருடைய தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் ஓரளவு நியாயம் உண்டு என்றே நானும் நினைக்கிறேன் என்றாலும், குற்றவாளிக் கூண்டில் அவருடைய காதையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

[திரையில்: காதின் உட்புறப் படம்]

உடற்கூற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். உட்காதில் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் நத்தை வடிவக் குழலின் வாசல் பக்கம் உச்ச ஒலிகளையும், உள்கோடி தாழ்ந்த ஒலிகளையும் உணர்கின்றன. வயதாகும்போது வாசல் பக்கத்து மயிர்ச்செல்களே முதலில் நலிகின்றன, நலிந்தவை மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இனி நான் ஆசைப்பட்ட கணக்குக்கு வருகிறேன். தயவுசெய்து இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் பாடகரை எடுத்துக்கொள்வோம் (இங்கே கட்டை என்பது பாடகர் தொடங்கும் சுருதியின் அளவு). அவருடைய ஆதார சட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். மந்திர ஸ்தாயிப் பஞ்சமம், அதாவது கீழ் 'ப' வரை இறங்கினால் 147. கைத்தட்டலுக்காகவே காத்திருக்கும் அந்த மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டால் 588. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகருக்கோ மேல் பஞ்சமம்கூட 392 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அதாவது தோடியின் காந்தாரமும், பைரவியின் கமகங்களும், இரண்டு மணி நேரக் கச்சேரியில் குரல் தொடும் அத்தனை சுரங்களின் அடிப்படை அதிர்வுகளும் 600 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. முதுமை கடைசியில் கை வைக்கும் பகுதி அதுதான். உயிரெழுத்துகளின் பலமும் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் இருப்பதால், பாடகர் 'ஆ' என்று நீட்டும் கார்வை முழுமையாக வந்து சேர்கிறது. மெய்யெழுத்துகள்தாம் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. 'சிவன்' 'இவன்' ஆகிவிடுகிறான். 'தலை'யும் 'கலை'யும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பெரியப்பாவுக்கு ராகம் துலங்கி, சாகித்யம் மங்குவதன் மர்மம் இவ்வளவே. எழுத்தாளர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: சொல்லை முதலில் எடுத்துக்கொண்டு சுரத்தை விட்டுவைக்கும் முதுமை, ரசனை உள்ள திருடன்தான்.

ஆனாலும் அந்தத் திருடன் சுரத்தின் நகைகளைச் சும்மா விடுவதில்லை. தம்புராவின் தந்திகளைத் தாங்கும் குதிரையில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல் எழுப்புகிற ரீங்காரம், கஞ்சிராவின் சிறு சலங்கைகள், வயலின் வில் தந்தியைத் தொடும் உராய்வு ஆகியவை உச்ச அதிர்வுகளால் ஆனவை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி கும்மென்று வந்து சேர, வலப்பக்கமான வலந்தலையின் கூர்மை மட்டும் மழுங்கிப்போகும். ஒலியைக் கூட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. நலிந்த காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, சற்றுக் கூட்டினாலோ சட்டென்று பேரிரைச்சலாகிவிடும். 'கொஞ்சம் உரக்கப் பேசு' என்றவரே அடுத்த நொடியில் 'ஏன் கத்துகிறாய்?' என்று கேட்டால், அவர் வம்புக்கு இழுக்கவில்லை என்பதை வீட்டில் உள்ள இளையவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு வரிக்காகவாவது இந்தக் காணொளியை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரலாம்.

[திரையில்: காதுக்குப் பின்னால் அணியும் கருவி]

சரி, காது மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டோம், பிறகும் ஏன் பாட்டு நன்றாக இல்லை என்கிறார்? அந்தக் கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சு ஏறி இறங்கி, விட்டு விட்டு வரும்; ஏற்ற இறக்கமின்றித் தொடர்ந்து வருவதையெல்லாம் அது இரைச்சல் என்று முடிவு செய்து அடக்கப் பார்க்கும். கச்சேரியில் அப்படி இடைவிடாமல் ஒலிப்பது எது? தம்புரா! நானூறு பேர் மெய்மறந்து லயித்திருக்கும் சுருதியை, ஓடும் மின்விசிறி என்று நினைத்துக்கொண்டு அந்தச் சின்னப் பெட்டி விசுவாசமாக வேலை பார்க்கிறது. இதைவிடப் பரிதாபம் புல்லாங்குழலுக்கு. கருவி தானே எழுப்பிவிடும் 'கீ' என்ற விசிலைத் தடுக்க உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. வித்வான் நீளமாகப் பிடிக்கும் தூய சுரம் அந்த விசிலைப் போலவே இருப்பதால், அதையும் துரத்தப் போய், நேராக நிற்க வேண்டிய சுரத்தை நடுங்க வைத்துவிடுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. இன்றைய டிஜிட்டல் கருவிகள் பலவற்றில் இசைக்கென்று தனி அமைப்பு வைத்துக்கொள்ளலாம். இரைச்சல் நீக்கத்தையும் விசில் தடுப்பையும் குறைத்து, ஒலியை அமுக்கும் வேலையையும் தளர்த்தி அமைத்துத் தரும்படி, செவித்திறனைச் சோதித்துக் கருவியைப் பொருத்தும் ஆடியாலஜிஸ்டிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும், ஏனென்றால் நாம் கேட்காவிட்டால் பெரும்பாலும் பேச்சுக்கான அமைப்போடு அனுப்பிவிடுவார்கள். கருவி வாங்குவதற்கு முன்பு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுவதும் அவசியம். சில சமயம் குற்றவாளி வெறும் காதுக்குறும்பியாக இருக்கும். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துப் போனால் அது அவசரம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

செலவில்லாத உபாயமும் ஒன்று உண்டு, ஓய்வு பெற்றவர்களிடம் அதற்கான நேரமும் இருக்கிறது. கச்சேரிக்குப் போகும் நாளின் காலையில் சாகித்யத்தை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். ஏற்கெனவே அறிந்த சொல்லாக இருந்தால், உதிர்ந்த மெய்யெழுத்துகளை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். பாடகரின் உதடுகள் தெரியும்படி முன்வரிசைகளில் நடுவில் உட்கார்ந்தால் கண்ணும் அந்த வேலையில் சேர்ந்துகொள்ளும். ஒலிபெருக்கிக்கு எதிரில் மட்டும் வேண்டாம். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. நம் கல்யாண மண்டபங்களில் அந்த அறிக்கையைப் படித்துக் காட்டலாம்தான், ஆனால் படிப்பவரின் குரல் யாருக்குக் கேட்கும்?

கேட்பதோடு நிறுத்தாமல் பாடவும் விரும்புபவர்களுக்கு ஒரு சொல். வயதாகும்போது பெண்களின் குரல் பொதுவாகத் தாழும், ஆண்களுடையது சற்று உயரும். இருபது வயதில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர் அறுபதில் நான்கு கட்டைக்கு இறங்கி மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை மீண்டும் தொடங்கலாம். சுருதிப்பெட்டியில் ஒரு குமிழைத் திருகினால் போதும், அதில் எந்த மானக்கேடும் இல்லை. நீங்கள் எந்தக் கட்டையில் இருந்து எதற்கு இறங்கினீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.

பெரியப்பாவின் கருவியிலும் போன மார்கழியில் இசை அமைப்பு வைத்துக் கொடுத்தார்கள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிராவின் சலங்கை கேட்டதும் என் கையைப் பிடித்து அழுத்தினார், ஒன்றும் பேசவில்லை. இரைச்சல் நீக்கத்தைக் குறைத்துவிட்டதால் இப்போது அவருக்குப் புதிதாக ஒரு மனக்குறை: பின்வரிசை மாமிகள் கேன்டீன் அடையைப் பற்றிப் பேசுவதும் ஒரு சொல் விடாமல் கேட்கிறதாம்.