பெரும்பான்மை சொன்னால் சரிதானா?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "100 பேரில் 90 பேர் ஒன்றைச் சரி என்கிறார்கள். 10 பேர் மாட்டேன் என்கிறார்கள். 90 பேர் ஓட்டில் வந்த அரசு அந்த 10 பேரைப் பணிய வைத்தால் என்ன தப்பு? மக்களாட்சி என்றாலே அதுதானே?"

பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்வதைவிட, நம் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

கேரளாவில் ஒரு பள்ளிக்கூடம். அண்ணன் ஒருவன், தங்கைகள் இருவர். அண்ணன் பத்தாம் வகுப்பு, கடைக்குட்டி ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். காலையில் தேசிய கீதம் பாடும்போது மூவரும் மற்றப் பிள்ளைகளோடு எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள். கடவுளைத் தவிர வேறு எதையும் போற்றிப் பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. இவர்களுடைய அக்காமார் அதே பள்ளியில் படித்தபோதும் இப்படித்தான் நின்றார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

1985 ஜூலையில் இது சட்டமன்றம் வரை போனது. அரசு அமைத்த விசாரணைக் குழுவே, பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றுதான் அறிக்கை கொடுத்தது. அப்படியும் மேலிடத்து உத்தரவுப்படி மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அப்பா போய்க் கேட்டபோது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தலைமை ஆசிரியை கையை விரித்துவிட்டார். எனக்கு இந்த இடம்தான் மனதை அறுக்கிறது. அந்தப் பிள்ளைகள்மேல் அந்த அம்மாவுக்கு எந்தக் கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை. மேலே இருந்து உத்தரவு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உயர் நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? தேசிய கீதத்தின் வரிகளை எடுத்துப் பார்த்து, இதில் யாருடைய மதத்தையும் புண்படுத்தும் சொல் எதுவும் இல்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. நண்பருடைய கேள்விக்குள் இருக்கும் சிக்கலே இதுதான். நமக்கு வலிக்கவில்லை என்பதால் அடுத்தவருக்கும் வலிக்காது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். 1986 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு. நமக்கு அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததாகப் படுகிறதா என்பது கேள்வி இல்லை, அவர்கள் அதை மனதார நம்புகிறார்களா என்பதே கேள்வி என்றது. எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கல்வித் துறையின் சுற்றறிக்கையை வைத்து அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்றும் சொன்னது.

சரி, சட்டமே போட்டுவிட்டால்? அதற்குத்தான் அரசியலமைப்பில் 13-வது பிரிவு இருக்கிறது. அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது. சட்டமன்றத்தில் எத்தனை பேர் கை தூக்கினாலும் இதேதான்.

வரி எவ்வளவு, பேருந்துக் கட்டணம் எவ்வளவு, எந்த ஊருக்கு மருத்துவக் கல்லூரி, இதையெல்லாம் பெரும்பான்மை முடிவு செய்யட்டும். தோற்றவர்கள் ஐந்து வருடம் பொறுத்திருந்து அடுத்த தேர்தலில் ஜெயிக்கலாம். அந்த மூன்று பிள்ளைகள் எந்தத் தேர்தலுக்குக் காத்திருப்பார்கள்? அவர்களுடைய பிரிவினர் பொதுவாக ஓட்டே போடுவதில்லை. ஒருநாளும் 90 பேர் பக்கம் அவர்கள் வரப் போவதில்லை.

இதற்காக, மனசாட்சி என்று சொல்லி யாரும் எதையும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. மதச் சுதந்திரம் தரும் 25-வது பிரிவே பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகள் கூச்சல் போட்டு மற்றவர்களைப் பாட விடாமல் செய்திருந்தால் கதையே வேறு. தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அவர்கள் சும்மா நின்றார்கள்.

அமெரிக்காவிலும் இதே பிரிவினருடைய பிள்ளைகள் பள்ளியில் கொடிக்கு வணக்கம் வைக்க மறுத்தார்கள். 1940-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அரசு பக்கம் நின்றது. அதற்கப்புறம் பல ஊர்களில் கும்பல்கள் அவர்களை அடித்தன. அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்துக்கே ஓர் ஊரில் தீ வைத்தார்கள். மூன்றே வருடத்தில், அதுவும் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ல், அதே நீதிமன்றம் 6-க்கு 3 என்று முந்தைய தீர்ப்பை மாற்றியது. அடிப்படை உரிமைகளை ஓட்டுக்கு விடக் கூடாது என்று அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஜாக்சன் எழுதினார்.

பணிய வைத்தால் என்ன தப்பு என்று கேட்டீர்கள். பணிய வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உதட்டை அசைத்திருக்கும். அதை யாராவது நாட்டுப்பற்று என்று சொல்வார்களா?