இன்காக்களின் 500 வருடப் பாலத்தில் ஒரு வருடத்துக்கு மேல் பழைய நார் ஒன்றுகூடக் கிடையாது!

(திரையில்: ஆழமான பள்ளத்தாக்கு, கீழே ஆறு, மேலே காற்றில் ஆடும் பாலம்)

வணக்கம். திரையில் தெரிகிற பாலத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இன்காக்கள் காலத்துப் பாலம். 500 வருடங்களுக்கு மேலாக இங்கே தொங்குகிறது. ஆனால் அதில் இருக்கிற புல், நார், கயிறு எல்லாம் கடைசியாகப் போன ஜூன் மாதம் முறுக்கியது. இரண்டுமே உண்மை. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் வழியில் நான்கு இடங்களில் வண்டியை நிறுத்தப் போகிறோம். ஓட்டிவிட்டு நேராகப் பாலத்துக்குப் போனால் எனக்குத் தெரிந்துவிடும், யூடியூப் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் வரலாறு, ஒரே மூச்சில். தென் அமெரிக்கா, ஆண்டிஸ் மலை, இன்றைய பெரு நாடு. குஸ்கோ என்ற ஊரை வைத்திருந்த இன்காக்களின் சின்ன அரசு, 1400-களில் பச்சகூத்தி என்ற மன்னர் காலத்தில் கிடுகிடுவென்று வளர ஆரம்பித்து, இன்றைய ஈக்வடாரையும் தாண்டி வடக்கே, சிலியின் நடுப்பகுதி வரை தெற்கே பரவியது. 1532-ல் பிசாரோ என்ற ஸ்பானியர் 200 பேர்கூட இல்லாத படையோடு வந்து மன்னர் அதாவல்பாவைப் பிடித்தார். கதை கிட்டத்தட்ட முடிந்தது. பேரரசு என்று சொல்லும்படி இருந்ததே நூறு வருடத்தை ஒட்டித்தான். அவ்வளவுதான் வரலாறு, எழுந்திருங்கள், கிளம்பலாம்.

(திரையில்: குஸ்கோ, ஓட்டுக் கூரைகள்)

குஸ்கோ. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர். ஊட்டியைப் போல ஒன்றரை மடங்கு உயரம். இறங்கியதும் தலை கிறுகிறுக்கும், கோக்கா இலை போட்ட டீ கொடுப்பார்கள், குடித்துவிட்டு முதல் நாள் சும்மா படுத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே கோரிகாஞ்சா என்று ஒரு சூரியக் கோயில் இருந்தது. சுவரில் தங்கத் தகடு அடித்திருந்தார்கள். அதாவல்பாவை விடுவிக்கக் கேட்ட பிணைத்தொகைக்காக அந்தத் தகடுகளை உரித்து எடுத்துப் போனார்கள். தங்கத்தை வாங்கிக்கொண்டு அவரையும் கொன்றுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். பிறகு கோயில் சுவரின் மேலேயே ஒரு தேவாலயத்தையும் மடத்தையும் கட்டினார்கள். 1950-ல் ஒரு பூகம்பம் வந்தது. மேலே கட்டியது பலமாக அடிவாங்கியது. அடியில் இருந்த இன்கா சுவர் அசையாமல் நின்றது. பூச்சு உதிர்ந்த இடங்களில், அதுவரை மறைந்திருந்த இன்காச் சுவர்கள்கூட வெளியே வந்துவிட்டன!

காரணம் சாந்து இல்லாததுதான். கல்லோடு கல்லை இழைத்து அடுக்கியிருக்கிறார்கள். சுவர் உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும், வாசலும் மாடமும் மேலே குறுகலாக இருக்கும். பூமி ஆடும்போது கற்கள் கொஞ்சம் ஆடி, திரும்பவும் தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்துத் தெருவில் பன்னிரண்டு மூலைகள் உள்ள பிரபலமான கல் ஒன்று இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டு நகரலாம். 2025 பிப்ரவரியில் ஒருவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் அதை அடித்துச் சேதப்படுத்தினார். அத்தனை பூகம்பத்துக்கும் அசையாத கல், ஒரு சுத்தியலுக்குச் சில்லு தெறித்துக் கிடக்கிறது.

இரண்டாவது, ஊருக்கு மேலே சக்சைவாமான் என்ற இன்கா கோட்டை. பல்லுப் பல்லாக வளைந்து போகும் மூன்று அடுக்குச் சுவர்கள். பெரிய கற்கள் 100 டன்னைத் தாண்டும். பெயரை ஞாபகம் வைக்க அங்கிருக்கும் வழிகாட்டிகள் எல்லாரும் ஒரே ஆங்கில ஜோக்கைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன், குடும்பத்தோடு பார்க்கும் சேனல் இது.

(திரையில்: ஒல்லாந்தைதாம்போ, செங்குத்தான படிகள்)

மூன்றாவது, ஒல்லாந்தைதாம்போ என்ற இன்கா ஊர். மேலே ஆறு பெரிய பலகைக் கற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இந்தக் கல் இந்த மலையில் கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர் மலையின் உயரமான சரிவில் இருக்கும் குவாரியில் வெட்டி, மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, இந்த மலையில் ஏற்றியிருக்கிறார்கள். சக்கர வண்டி இல்லை, இழுக்க மாடோ குதிரையோ இல்லை. லாமா என்ற விலங்கு உண்டு. அது முப்பது கிலோ சுமந்தாலே பெரிய விஷயம், கொஞ்சம் கூடினால் அப்படியே உட்கார்ந்துவிடும். ஆக, எல்லாம் மனிதர்கள், கயிறு. அந்தக் கயிறை மறந்துவிடாதீர்கள்.

குவாரியிலிருந்து வரும் வழியெல்லாம் போட்டது போட்டபடி பெரிய கற்கள் கிடக்கின்றன. அவற்றுக்கு உள்ளூரில் என்ன பெயர் தெரியுமா? "களைத்துப்போன கற்கள்." இழுத்த ஆட்கள் களைத்ததாகச் சொல்லவில்லை, கல்தான் களைத்துப் படுத்துவிட்டதாம்!

இந்த இடத்தில் வேற்றுக்கிரகவாசிகள் வந்து கட்டினார்கள் என்று ஒரு கமெண்ட் வரும். வந்தே தீரும். ஜான் பியர் புரோட்சன் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் 1980-களில் ஒரு காரியம் செய்தார். ஆற்றில் கிடைக்கும் உருண்டைக் கல்லையே சுத்தியலாக வைத்துக்கொண்டு, இன்காக்கள் வெட்டிய அதே வகைக் கல்லைத் தட்டிப் பார்த்தார். சில மணி நேரத்துக்குள் ஒரு கல்லின் சில பக்கங்களைச் சமமாக்கிவிட்டார். பழைய சுவர்களில் இருப்பது போலவே குழிக் குழியாகத் தடமும் விழுந்தது. எனவே விண்கலத்தை மறந்துவிடலாம்.

(வண்டியை நிறுத்தாமல், ஜன்னல் வழியாக: மொராய் என்ற இடத்தில் வட்ட வட்டமாகப் பள்ளத்துக்குள் இறங்கும் படிவயல்கள். பக்கத்தில் மாராஸ், மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான உப்புப் பாத்திகள். பார்த்தாச்சா? சரி.)

நான்காவது மச்சு பிச்சு. இதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உலகமே பேசிவிட்டது. நாமே பார்த்துவிட்டோம், 'எந்திரன்' படத்தில் 'கிளிமாஞ்சாரோ' பாட்டை எடுத்தது இங்கேதான். ஆப்பிரிக்க மலையின் பெயரில் தென் அமெரிக்க மலையில் ஒரு தமிழ்ப் பாட்டு. பூகோள வாத்தியார்கள் மன்னிக்கட்டும்.

1911-ல் ஹைரம் பிங்காம் என்ற அமெரிக்கர் "கண்டுபிடித்தார்" என்று படித்திருப்போம். அவர் போனபோது அங்கே குடும்பங்கள் குடியிருந்து விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தன. அதோடு 1902-ல் அகுஸ்தின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் வந்து சுவரில் கரியால் தன் பெயரையும் வருடத்தையும் எழுதிவிட்டுப் போயிருந்தார். சுற்றுலா இடத்தில் சுவரில் பெயர் கிறுக்குபவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இந்த ஒரு ஆளுக்கு மட்டும் மனசு இளகுகிறது.

எனக்குப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத பகுதிதான். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் மலை முகடு அது. தண்ணீர் வடியாவிட்டால் ஊரே சரிந்துவிடும். அதனால் படிவயல்களுக்கு அடியில் சரளைக் கல், அதற்கு மேல் மணல் கலந்த மண், அப்புறம் மேல் மண் என்று போட்டிருக்கிறார்கள். சுமார் 130 வடிகால் துவாரங்கள் இருக்கின்றன. ஊரின் வேலையில் பாதிக்கு மேல் பூமிக்கு அடியில்தான் என்று ஆராய்ந்த பொறியாளர்கள் சொல்கிறார்கள். நவம்பர் மழைக்கு நம் தெருவில் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

(திரையில்: மீண்டும் பாலம்)

வந்துவிட்டோம். கெஸ்வசாக்கா. இன்காக்கள் பேசிய கெச்சுவா மொழியில் 'கெஸ்வா' என்றால் புல் கயிறு, 'சாக்கா' என்றால் பாலம். அபுரிமாக் ஆற்றின் மேலே, கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம்.

இன்காக்களின் பாதை வலைக்குக் 'கபாக் ஞான்' என்று பெயர். நம் ஞானம் இல்லை, அங்கே 'ஞான்' என்றால் பாதை. மொத்தம் 30,000 கிலோமீட்டர். சக்கரமே இல்லாததால் பாதை சமதளமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, செங்குத்தான இடத்தில் படி வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சிக்கல் ஆறுகளில்தான். மலை ஆறு, ஆழமான பிளவு, நடுவில் தூண் நிறுத்த வழியில்லை. ஐரோப்பியர்கள் கல்லை வளைவாக அடுக்குவார்கள், கல் நசுங்காமல் தாங்கும். இன்காக்கள் எதிர்ப்பக்கமாக யோசித்தார்கள். புல்லை நசுக்கினால் ஒன்றும் நிற்காது, ஆனால் இழுத்துப் பாருங்கள், தாங்கும். அதைப் போய்த் தொங்கவிட்டார்கள். ஸ்பானியர்கள் இதன்மேல் கால் வைக்கவே பயந்தார்கள் என்று அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன. குதிரையை நினைத்துப் பாருங்கள், பாவம்.

(திரையில்: மேசை மேல் ஒரு கட்டு வைக்கோல், ஒரு கிண்ணத்தில் தண்ணீர்)

புல் எப்படி ஆளைத் தாங்கும்? வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் நண்பர் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

ஒரு பிடி எடுக்கிறேன். காய்ந்த வைக்கோலை அப்படியே முறுக்கினால் நொறுங்கும். தண்ணீர் தெளித்தால் வளையும். அங்கே 'கோயா' என்ற மலைப் புல்லை அறுத்து, காயவைத்து, கல்லால் தட்டி, நனைத்து எடுக்கிறார்கள். இப்போது இரண்டு புரிகள். இரண்டையும் உள்ளங்கைக்குள் வைத்து ஒரே திசையில் உருட்டுகிறேன். பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த் திசையில் சுற்றுகிறேன். கையை எடுக்கிறேன். பாருங்கள், பிரியவில்லை! ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கிறது, அது அவிழப் பார்க்கும் திசையிலேயே இரண்டையும் சுற்றிவிட்டதால், அவிழ அவிழக் கயிறு இறுகுகிறது. ஒரு புல் முழ நீளம்தான். முடியப்போகும் இடத்தில் அடுத்த புல்லைச் செருகிக்கொண்டே போனால் கயிறு எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் வளரும். முடிச்சு கிடையாது, ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருப்பதுதான் பிடிமானம். வைக்கோல் பிரி திரித்த கைகள் யாராவது வீட்டில் இருந்தால் இந்த இடத்தைக் காட்டுங்கள். என் வேலையைப் பார்த்துத் திட்டுவார்கள், திட்டட்டும்.

இதுதான் அங்கே முதல் கட்டம். பெண்கள் வீடு வீடாக உட்கார்ந்து இந்த மெல்லிய கயிற்றைத் திரிக்கிறார்கள். வின்சிரி, சௌபிபாந்தா, சொக்காய்வா, கொல்யானா கெவே என்று நான்கு ஊர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவு கயிறு என்று பங்கு உண்டு. ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் எல்லாரும் கயிற்றுச் சுருளோடு ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். பூமித் தாய் பச்சமாமாவுக்குக் கோக்கா இலை வைத்துப் படையல் போட்ட பிறகுதான் வேலை ஆரம்பம்.

மெல்லிய கயிறுகளைப் பாதையில் நீளமாக விரித்து, ஒன்றாகச் சேர்த்து முறுக்கிக் கயிறாக்குகிறார்கள். அப்படிப்பட்ட பருத்த கயிறுகள் மூன்றைப் பின்னினால் ஒரு வடம், ஆள் தொடை பருமனுக்கு. தேர் வடம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை. இரு கரையிலும் வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் சேர்ந்து இழுக்கிறார்கள். தரைக்கு நான்கு வடங்கள், கைப்பிடிக்கு இரண்டு. கரையில் இருக்கும் கல் மேடையில் சுற்றிக் கட்டுகிறார்கள்.

பழைய பாலத்தை என்ன செய்வார்கள்? வெட்டிவிடுகிறார்கள். அது அப்படியே ஆற்றில் விழுந்து மிதந்து போய்விடும். புல்தானே, மக்கிவிடும்.

மூன்றாம் நாள் எனக்கு வயிற்றைக் கலக்கும் வேலை. பாலம் கட்டும் வித்தை தெரிந்த மூத்தவர்கள் இரு கரையிலிருந்தும் வெறும் வடத்தின்மேல் உட்கார்ந்து, காலை இருபுறமும் தொங்கவிட்டு, தரை வடத்தையும் கைப்பிடியையும் சேர்த்துக் கயிற்றால் பின்னிக்கொண்டே நடுவை நோக்கி நகர்கிறார்கள். கீழே ஆறு. நடுவில் இரண்டு பேரும் சந்திக்கும்போது பாலம் முடிந்தது. மேலே குச்சிப் பாய் விரித்தால் நடக்கலாம். நான்காம் நாள் சாப்பாடு, ஆட்டம், பாட்டு.

ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. பாலம் கட்டும் இடத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்பது பழைய வழக்கம், வந்தால் கெட்டது நடக்குமாம். கயிறு முழுக்கத் திரித்தது யார்?

பக்கத்திலேயே வண்டி போகும் பாலம் இருக்கிறது. ஆற்றைக் கடக்க இந்தப் புல் பாலம் யாருக்கும் தேவையில்லை. அப்படியும் கட்டுகிறார்கள். இன்கா அரசு தன் குடிமக்களிடம் வரியாகக் காசு வாங்கவில்லை, உழைப்பாக வாங்கியது. அதற்கு 'மிதா' என்று பெயர். பாலத்தைப் பராமரிப்பது அந்தந்த ஊரின் மிதா. வரி கேட்ட அரசு போய்க் கிட்டத்தட்ட 500 வருடம் ஆகிறது, இவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்! 2013-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பாலத்தைச் சேர்க்கவில்லை, அதைக் கட்டும் வேலையையும் சடங்கையும்தான் சேர்த்தது.

2020-ல் கொரோனா. கூட்டம் கூட முடியாததால் பாலம் புதுப்பிக்கப்படவில்லை. 2021 மார்ச்சில் நடுவில் அறுந்து விழுந்தது. அதே வருடம் ஜூனில் திரும்பக் கட்டிவிட்டார்கள்.

நேரில் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டிப் போங்கள். குஸ்கோவிலிருந்து சாலை வழியாக மூன்று, நான்கு மணி நேரம். எழுத்தே இல்லாமல் இந்தப் பேரரசு எப்படிக் கணக்கு வைத்துக்கொண்டது என்பதற்கும் கயிறுதான் பதில், கிப்பு என்ற முடிச்சுக் கயிறு. அது தனி வீடியோ வேண்டுமா என்று கீழே எழுதுங்கள். நான் போய் இந்த வைக்கோலைப் பெருக்க வேண்டும், வீட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.