முழு நைட் வாரம்

நேயர்களுக்கு வணக்கம். கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் பகல், அரை நைட், முழு நைட் என்று முறை மாறிக்கொண்டே இருக்கும். இரவு 12 மணிக்கு உள்ளே போய்க் காலை 8 மணிக்கு வெளியே வரும் முழு நைட்காரர்களுக்காகவே இன்று பேசுகிறேன்.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். அது முழுதாகத் திரும்புவதற்குள் வாரம் முடிந்து முறை மாறிவிடும். அதனால் இரவைப் பகலாக்கப் பார்க்க வேண்டாம். தூக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் படுத்து மதியம் 1 அல்லது 2 வரை ஒரு தூக்கம், வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் இன்னொன்று.

வாரத்தின் முதல் நைட்தான் கடினம். ஞாயிறு காலை 6 மணிக்கு எழுந்தவர் பகலில் கண் மூடாமல் வந்தால், திங்கள் காலை ஷிப்ட் முடியும்போது 26 மணி நேரம் விழித்திருப்பார். மாலை 7 மணிக்குப் படுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் உடம்பு நன்றாக விழித்திருக்கும், புரண்டு புரண்டு படுப்பதுதான் மிச்சம். மதியம் சாப்பிட்டபின் 2 மணிக்குப் படுங்கள், தூக்கம் தானாக வரும்.

விடியற்காலை 3 முதல் 5 வரை உடம்புச் சூடு குறைந்து கண் சொருகும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் ஓடும் பகுதியின் ஈரப்பதமும் ஒரே சீரான இரைச்சலும் அதைக் கூட்டும். ரோலரில் சுற்றிய பஞ்சைக் கத்தியால் அறுத்தெடுக்கும்போது கை வெட்டுப்படும் ஆபத்து இந்த நேரத்தில்தான் அதிகம். பல்சக்கரம் மாற்றுவது போன்ற வேலைகளை மேஸ்திரிகள் 2 மணிக்குள் முடித்துவிட்டு, நடந்து செய்கிற வேலைகளை இதற்குப் பிறகு வைக்கலாம்.

டீ 3 மணிக்கு மேல் வேண்டாம். அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபீனில் சுமார் பாதி காலை 8 மணிக்கும் உடம்பில் இருக்கும். இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு, இடைவேளையில் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். நடுராத்திரிப் பரோட்டா செரிக்காது, நெஞ்செரிச்சல்தான் வரும்.

காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை பகல் என்று எடுத்துக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி போட்டு வாருங்கள், ஆனால் மில் பஸ்ஸில் வருபவர்கள் மட்டும். தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டுபவருக்கு அந்த வெளிச்சம் வேண்டும். கண் இழுத்தால் கிளம்பும் முன் மில்லிலேயே 20 நிமிடம் தூங்குங்கள். வீட்டு ஜன்னலுக்குக் கெட்டியான போர்வை, போனுக்கு ஓய்வு.

கடைசி இரவு முடிந்த காலையில் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்தால், அன்று இரவு 10 மணிக்குத் தூக்கம் வந்துவிடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளையைத் தாங்களே மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் ஷிப்ட் நேரத்தைச் சொல்லி, முழு நைட் வாரத்துக்கென்று தனிச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.