முகாமுக்குள் ஒரு மருத்துவிச்சி வேண்டும்

(இராமநாதபுரத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் செவிலியர் பயிற்சி மாணவிகளும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், தங்கச்சிமடம் என்று பஸ் மாறி வந்திருக்கும் குழுத் தாய்மாருக்கும், உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவிகளுக்கும் வணக்கம். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற நேரத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் மண்டபம் முகாமைத் தெரியாதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். அந்த வளாகத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய நாளில், இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஜனங்களை நிறுத்திவைத்து, அம்மை உண்டா, காலரா உண்டா என்று சோதித்து அனுப்பிய இடம் அது. உடம்பைப் பார்ப்பதற்கென்றே உண்டான இடம். ஆனால் அன்றைக்குப் பார்த்தது தோட்டத்துக்குள் நோய் போய்விடக் கூடாது என்பதற்காக. வரிசையில் நின்ற கர்ப்பிணி நல்லபடியாகப் பிள்ளை பெற வேண்டும் என்று நினைத்து யாரும் பார்க்கவில்லை. 1964ஆம் வருஷத்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் திரும்பி வந்த தோட்ட ஜனங்களும் அந்த வழியாக வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்து இறங்கியவர்களுக்கும் அதே இடம்தான் புகலிடமாயிற்று.

அந்த ஆண்டுகளில் இராமேசுவரம் தீவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று தெரிந்தால், ரயிலைத்தான் நம்ப வேண்டும். பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988இல். அதன் பிறகு 2008இல் 108 வண்டி வந்தது. 2022 தொடக்கத்தில் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரைக்கு ஓடிய ஓட்டம் குறைந்தது. இவையெல்லாம் பெரிய காரியங்கள், கை கூப்பிச் சொல்கிறேன். ஆனால் ஒரு தாமதம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, பத்தடிக்குப் பத்தடி அறையில், இது சாதாரண வலியா, ஆபத்தா என்று தெரியாமல் ஒரு பெண் விடியட்டும் என்று காத்திருக்கிறாளே, அந்தத் தாமதம். வண்டி இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார். கூப்பிட வேண்டும் என்று சொல்ல ஆள் வேண்டுமே?

முகாமில் ஆண்களுக்குப் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கிற வேலை. திருப்பூர், கோவை, கேரளா என்று போனால் வாரக் கணக்கில் வருவதில்லை. வீட்டில் இருப்பது கர்ப்பிணியும், ஒரு சின்னப் பிள்ளையும், கண் தெரியாத மாமியாரும். அப்படி ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மாதம் முடிந்த பெண். இரண்டு நாளாகத் தலைவலி. வெயில் என்று நினைத்து விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ராத்திரி எழுந்தவளுக்குக் கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருந்திருக்கிறது. இரண்டு வீடு தள்ளி மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா. முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதாரப் பயிற்சி எடுத்தவர். அவர் வந்து கைப்பேசி வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. முகத்தைப் பார்த்தார், இமை வீங்கியிருந்தது. “பிள்ளை, இது வெயில் இல்ல. பிறஷர். வலிப்பு வந்திரும். இப்பவே வெளிக்கிடு” என்று சொல்லி 108ஐக் கூப்பிட்டார். வண்டியில் வந்தவர் ரத்த அழுத்தம் அளந்தபோது 170க்கு 110. இராமநாதபுரத்தில் வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, விடிவதற்குள் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

அந்த அக்காவுக்குச் சம்பளம் கிடையாது. அடையாள அட்டை கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் “நீங்க யார்?” என்று கேட்டால் சொல்ல ஒரு பதவிப் பெயர் கிடையாது. இன்றைக்கு நான் கேட்க வந்திருப்பது இதைத்தான். முகாமுக்குள்ளேயே வாழ்கிற, முகாமே நம்புகிற பெண்ணுக்குப் பயிற்சி கொடுங்கள், ஊதியம் கொடுங்கள், அவள் சொல்லுக்கு ஆஸ்பத்திரியில் மதிப்புக் கொடுங்கள். மற்ற உதவிகள் எல்லாம் அவள் கை வழியாகத்தான் தாய்க்குப் போய்ச் சேரும்.

இது என் ஆசைக்குச் சொல்வதில்லை. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். பன்காவுன் என்ற எல்லை ஊரில் முகாம் ஆஸ்பத்திரி. காலரா. கட்டில் போதாமல் தரையெல்லாம் நோயாளிகள், வாந்தியிலும் பேதியிலும் முழங்காலிட்டுத்தான் ஊசி குத்த வேண்டியிருந்தது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்ன செய்தார்? குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் கணக்காகக் கலந்து பொட்டலம் போட்டு, தண்ணீரில் கரைத்துப் பீப்பாயில் ஊற்றிவைத்தார். ஊட்டியது யார்? நர்சுகள் போதவில்லை. நோயாளியோடு வந்த தாயும் தங்கையும் அண்ணனும்தான் கோப்பையில் பிடித்துப் பிடித்து ஊட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே வந்தது. இன்றைக்கு அங்கன்வாடியில் நாம் வாங்குகிற ஓஆர்எஸ் பொட்டலம் உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றது அந்த முகாமில்தான். அவருக்கு பத்ம விபூஷண் கிடைத்தது 2023இல், அவர் மறைந்த பிறகு. அகதி முகாமில் தாய்மார் கையில் கொடுத்த வைத்தியம் பலிக்குமா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஜோர்டானில் சிரியா நாட்டு மக்களுக்காக 2012இல் திறந்த ஸாத்தாரி முகாமையும் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் துணை நிற்கும் மகப்பேறு நிலையம் அங்கே உண்டு. 10,000 பிரசவத்துக்கு மேல் நடந்தும் ஒரு தாய்கூட இறக்கவில்லை என்று அந்த அமைப்பு அறிவித்தது. பாலைவனத்தில், கூடார ஊரில் முடிந்தது!

நம் முகாமில் இருப்பவர்களுக்கு இது புதுசும் இல்லை. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சி முறை. 1930களில் லட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மார் அளவுக்கு இழந்துகொண்டிருந்த தீவு, இந்த நூற்றாண்டில் அதை 40க்கும் கீழே கொண்டுவந்தது. போர் நடந்த நாட்டில்! தாய்மார் வீட்டுக்கு வந்து வயிறு தடவிப் பார்க்கிற ஒரு பெண் ஊர்தோறும் இருந்ததுதான் அதன் பெரிய பலம். மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்த பெண்களுக்கு அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது.

அதை நான் 2022இல் கண்ணால் பார்த்தேன். அந்த மார்ச் 22ஆம் தேதி, பொருளாதார நெருக்கடியில் தவித்த இலங்கையிலிருந்து 16 பேர் படகேறி வந்தார்கள். அவர்களில் சிலரை அரிச்சல்முனைப் பக்கம் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. நான்கு மாதக் கைக்குழந்தையும் அந்தத் திட்டில் இருந்தது. பால்மா, அதாவது பால் பவுடர், வாங்க முடியவில்லை, அரிசி வாங்க முடியவில்லை என்றுதான் அடுத்தடுத்த மாதங்களில் வந்தவர்களும் சொன்னார்கள். பின்னால் வந்த ஒரு கர்ப்பிணி, மாற்றுத் துணிகூட இல்லாமல் வந்தவள், இடுப்பில் பாலிதீன் உறையில் சுற்றி ஒன்றை வைத்திருந்தாள். நகை என்று நினைத்தேன். கிளினிக் அட்டை! எந்த மாதம் என்ன எடை, ரத்தத்தில் எவ்வளவு இரும்பு, எந்த ஊசி போட்டாயிற்று, எல்லாம் அதில் இருந்தது. கடல் தண்ணீரில் ஓரம் நனைந்து மை கலங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. நம் பதிவேட்டில் அவளுக்கு வரிசை எண் போடும்போது ஆதார் எங்கே என்றார்கள், அகதிப் பதிவு எங்கே என்றார்கள். இரண்டும் அவளிடம் இல்லை. அவள் நீட்டியது அந்த அட்டையைத்தான். புதிதாக வருகிற கர்ப்பிணிக்குக் காகிதம் பிறகு வரட்டும், முதல் நாளே ரத்தமும் அழுத்தமும் பார்த்து எண் போடுங்கள் என்று நான் அதிகாரிகளிடம் கேட்டேன், இந்த மேடையிலும் கேட்கிறேன்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும், மாணவிகள் குறித்துக்கொள்ளுங்கள். முகாம் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறவில்லை என்று நம் நர்சுப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். மாத்திரையை எதோடு விழுங்குகிறாள் என்று அடுப்படியில் நின்று பாருங்கள். பிளேன்டீயோடு. பால் வாங்கக் காசில்லை, பிளேன்டீதான் காலையும் மாலையும். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. “டீ குடிக்காதே” என்று அதட்டினால் கேட்க மாட்டாள், அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது. மாத்திரையை ராத்திரி எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கு, டீக்கும் அதுக்கும் இரண்டு மணி நேரம் விடு என்று சொன்னால் கேட்பாள். அதையும் நான் சொல்வதைவிட, அதே பிளேன்டீ குடித்து வளர்ந்த அந்த மன்னார் அக்கா சொன்னால் உடனே கேட்பாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவை அவித்துப் புட்டாக்கிக் கொடுப்பது இரண்டு கரைக்கும் பொது. அந்தப் பழக்கத்தைத் தடுக்காதீர்கள், சந்தோஷமாக உற்சாகப்படுத்துங்கள். பிறந்தவுடன் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுகிற வழக்கம் எங்காவது தென்பட்டால் மட்டும் விடாதீர்கள்.

அரசு கொடுக்கவில்லையா என்றால், கொடுக்கிறது. 2021இல் மாத உதவித்தொகையை உயர்த்தினார்கள்: குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய். புது வீடுகள் கட்டுகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி முகாம் தாய்மாருக்கும் உண்டு. 1984இல் ஈழ அகதிகள் தாங்களே தொடங்கிய ஓஃபர் அமைப்பு, முகாம் இளைஞர்களையே பயிற்றுவித்துக் கல்வியும் சுகாதாரமும் பார்த்துவந்திருக்கிறது. குறை எங்கே என்றால், அரசு வேலைக்குக் குடியுரிமை கேட்கிறார்கள். நர்சிங் படித்த முகாம் பெண்கூட தனியார் ஆஸ்பத்திரியில் குறைந்த கூலிக்குப் போகிறாள், சொந்த முகாமில் ஊசி போட அவளுக்கு இடமில்லை. தொகுப்பூதியத்திலாவது முகாமுக்கு ஒருத்தியை வைக்க விதியில் ஒரு வழி செய்யச் சொல்லி நாம் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

பிறப்புச் சான்றிதழையும் நான் தாய்-சேய் நலத்தில்தான் சேர்ப்பேன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்கிற ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்று 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். மண்டபத்தில் பிறந்ததற்கு அவர் கையில் சான்றிதழ் இருந்தது. அன்றைக்கு அந்தப் பிறப்பைப் பதிந்த எழுத்தர் யாரோ, அவருக்கு நான் நன்றி சொல்கிறேன். இன்று பிறக்கிற பிள்ளைக்கு அந்தச் சட்டம் அதே பலனைத் தராது என்றாலும், 21 நாளுக்குள் பதிந்த பிறப்பு இல்லாமல் தடுப்பூசிக் கணக்கிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாம் தடைபடும்.

கடைசியாக இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று. மாதாமாதம் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. முகாமில் ஆட்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கும் செக்கிங் நாளும் அதுவும் ஒன்றாக வந்துவிட்டால் பெண்கள் பரிசோதனைக்கு வருவதில்லை, கையெழுத்து விட்டுப்போனால் உதவித்தொகை போய்விடுமோ என்று பயம். குழுத் தலைவிகள் இப்போதே ஒரு மனு எழுதுங்கள்: 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குச் செக்கிங்கிலிருந்து விலக்கு வேண்டும் என்று. மாணவிகளில் கையெழுத்து நன்றாக இருப்பவர் யாராவது முன்னால் வாருங்கள், நான் சொல்கிறேன், எழுதுவோம். மன்னார் அக்கா அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். முதல் கையெழுத்து அவருடையது.