மூணு ராத்திரி நம்ம ஊர்ல தங்கணும்

(காரைக்குடிப் பக்கம் எங்க செட்டிநாட்டு ஊர்ல, நகரத்தாரோட பொது மண்டபமான நகர விடுதியில நடந்த ஊர்க்கூட்டத்துல நான் பேசினது. வரமுடியாதவங்க கேட்டாங்கன்னு பேசின மாதிரியே எழுதிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தம்பி அந்த மைக்கை கொஞ்சம் ஏத்தி வைப்பா, தூணுக்குப் பின்னாடி உக்காந்திருக்க ஆச்சிமார்களுக்குக் கேக்காது. பெரியவங்க, ஐயாமார், ஆச்சிமார், என் லைப்ரரில அரைக்கால் சட்டையோட வந்து உக்காந்த புள்ளைங்க இன்னைக்கு மீசையோட உக்காந்திருக்கீங்க, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கமா வச்சுக்கங்க. நான் இந்த ஊர் கிளை நூலகத்துல இருபத்தாறு வருஷம் வேலை பாத்தவ, ரிட்டயர்ட் ஆகியும் ஊரை விட்டுப் போகல. அந்த உரிமையிலதான் பேசுறேன்.

நம்ம ஊர்ல ஒரு சனி ஞாயிறு இலக்கிய விழா நடத்தணும்னு நாலஞ்சு பேரா பேசி இந்தக் கூட்டத்தைக் கூட்டினோம். நேத்து சாயங்காலம் கோயில் வாசல்ல ஒரு ஐயா எங்கிட்ட கேட்டாரு, "ஏம்மா, பாதி வீடு பூட்டிக் கெடக்கு, ராத்திரி எட்டு மணிக்கு மேல தெருவுல நடமாட்டமே இல்ல, இங்க விழா வச்சா யாரு வருவா? அதெல்லாம் மதுரை, சென்னைல வைக்கிறது"ன்னு. நியாயமான கேள்விதான். ராத்திரி பூரா அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். அவருக்குச் சொல்ற பதிலாத்தான் இந்தப் பேச்சு முழுக்க.

ஸ்காட்லாந்து நாட்டுக்கு மேற்கே கடல்ல சின்னச் சின்னத் தீவா நெறைய இருக்கு, அதுல ஒண்ணு கொலன்சே. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்க குடியிருந்தவங்க மொத்தம் 124 பேரு. நம்ம வடக்குத் தெருவுல முன்னோருக்குப் படைச்சு பங்காளிக எல்லாம் கூடிச் சாப்பிடுற ஒரு படைப்புக்கு அதைவிட அதிகமா இலை விழும். ஊருக்கு ஒரே ஒரு ஹோட்டல், ஊர் மண்டபம் ஒண்ணு, சின்னதா ஒரு புத்தகக் கடை. ஓபன்னு ஒரு துறைமுக ஊர்லேருந்து படகு ஏறணும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்தப் படகும் நம்ம டவுன் பஸ் மாதிரி நெனச்ச நேரத்துக்கெல்லாம் கெடைக்காது, காத்து பலமா அடிச்சா வராமலும் போகும். அந்த 124 பேரு ஊர்ல வசந்த காலத்துல ஒரு வாரக் கடைசி புத்தக விழா நடத்துறாங்க. எழுத்தாளர்கள் போறாங்க, படிக்கிறவங்க போறாங்க, ஊர் மண்டபத்துலயே நடக்குது.

இதைப் படிச்சப்ப எனக்கு மொதல்ல ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, அப்புறம் யோசிச்சுப் பாத்தா அந்த விழாவோட உசுரே அந்தப் படகுலதான் இருக்குன்னு தோணுச்சு. பேசி முடிச்சுட்டு எழுத்தாளர் கெளம்பிப் போக முடியாதுல்ல? அடுத்த படகு வர்ற வரைக்கும் அங்கதான் இருந்தாகணும். காலைல கஞ்சி குடிக்கிற எடத்துல உங்களைப் பாப்பாரு, மத்தியானம் கடற்கரைல நடக்கும்போது பாப்பாரு, ராத்திரி மறுபடி பாப்பாரு. மேடைல கேக்கக் கூச்சப்பட்ட கேள்விய அப்பக் கேட்டுக்கலாம். அந்தத் தீவுக்குப் பக்கத்துல இன்னொரு குட்டித் தீவு இருக்கு, ஒரோன்சேன்னு பேரு, கடல் உள்வாங்குற நேரத்துல மட்டும் மணல்ல நடந்தே போகலாம், தண்ணி ஏறுறதுக்குள்ள திரும்பிடணும். அந்த மாதிரி எடத்துல ஒரு எழுத்தாளரோட ரெண்டு மணி நேரம் நடந்துட்டு வர்றதும், அவரை நாப்பதாவது வரிசைலேருந்து பாக்குறதும் ஒண்ணாகுமா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா எனக்கு ஒரு வருத்தம் உண்டு, ரொம்ப நாளா மனசுல இருக்கு. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய ஊர்ல இலக்கிய விழா, என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு நாவலாசிரியர் வந்திருந்தாரு, எனக்கு ரொம்பப் பிடிச்ச எழுத்து, அவரோட புத்தகத்துல அடையாளம் வச்சு வச்சுப் படிச்சு, மூணு கேள்வி ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுப் போனேன். வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, நடுநடுவுல பொன்னாடை, ஒண்ணே முக்கால் மணி நேரம் ஓடிப்போச்சு. அவருக்குக் கெடைச்சது பதினஞ்சு நிமிஷம். பேசினவங்கள்ல ஒருத்தர்கூட அந்தப் புத்தகத்தைப் படிச்ச மாதிரி தெரியல, ஒருத்தர் தலைப்பையே மாத்திச் சொன்னாரு. அவர் முடிச்ச கையோட கார் வந்து நின்னுச்சு, ஏறிப் போயிட்டாரு. அந்தச் சீட்டை இன்னும் வச்சிருக்கேன். அந்த மாதிரி ஒரு விழா நம்ம ஊர்ல வேணாம், அதுக்கு விழாவே வேணாம்.

இத்தனைக்கும் விழாவை ஒழுங்கா நடத்துறது எப்படின்னு நாட்டுக்கே காட்டின மண்ணு இது. 1939ல காரைக்குடியில சா. கணேசன் ஐயா கம்பன் கழகத்தை ஆரம்பிச்சாரு. பங்குனி மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில, அத்தத்தன்னைக்கு நாட்டரசன்கோட்டையில கம்பர் சமாதியில. கம்பன் விழான்னா சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கும், சொன்ன நேரத்துக்கு முடியும்னு எங்க அப்பா காலத்துலேருந்து பேச்சு. இப்ப பல ஊர்ல கம்பன் விழா நடக்குது, அதுக்கெல்லாம் மூத்தது இது. காரைக்குடி அப்ப என்ன பெரிய பட்டணமா? ஒரு மனுஷன் கம்பனை அடியிலேருந்து நுனி வரைக்கும் படிச்சுட்டு, நாலு பேரை சேர்த்துக்கிட்டு உக்காந்தாரு, அவ்வளவுதான்.

அதுக்கும் இருபது வருஷம் முன்னாடி, 1919ல, பாரதியார் இந்தப் பக்கம் வந்தாரு. கானாடுகாத்தான்ல வை. சு. சண்முகம் செட்டியார் வீட்டுல தங்கினாரு, காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தாரு, அந்தச் சங்கத்தைப் பத்தி பாட்டே எழுதிக் குடுத்தாரு. கவனிங்க, அவரு தங்கினது லாட்ஜுல இல்ல, ஒரு வீட்டுல. அவரைப் படிச்சவங்க வீட்டுல. ஊரே தயங்கின காலத்துல அந்த வீட்டுக் கதவு தொறந்துச்சு.

புத்தகம்னா நமக்கு வெளியூர் சமாச்சாரம் இல்லைங்க. சக்தி காரியாலயம்னு பதிப்பகம் நடத்தின வை. கோவிந்தன் இராயவரத்துக்காரரு, பாரதியார் கவிதை முழுசையும் ஒண்ணரை ரூபாய்க்குக் குடுத்த மனுஷன். அதே இராயவரம்தான் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவுக்கும், நீங்கள்லாம் ஒண்ணாங்கிளாஸ்ல பாடினது அவரு பாட்டுதான். வானதி பதிப்பகம் திருநாவுக்கரசு, முல்லைப் பதிப்பகம் முத்தையா ரெண்டு பேரும் தேவகோட்டை. கண்ணதாசன் சிறுகூடல்பட்டி. மகிபாலன்பட்டி பண்டிதமணி கதிரேசன் செட்டியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல தமிழ் சொல்லிக் குடுத்தாரு. அந்தக் கொலன்சே தீவுலயும் இப்படி ஒருத்தர் உண்டு, டொனால்டு மெக்கின்னன், அந்தத் தீவுல பொறந்து எடின்பரோ பல்கலைக்கழகத்துல கெல்ட்டிக் மொழிகளுக்கு மொதல் பேராசிரியரா 1882ல ஆனவரு. அதைப் படிச்சப்ப எனக்குப் பண்டிதமணி ஞாபகம்தான் வந்துச்சு.

ஆனா ஒரு விஷயம் நெஞ்சுல உறுத்துது. நம்ம ஊர்க்காரங்க புத்தகம் போட்டது, வித்தது எல்லாம் சென்னையில. கடல் தாண்டிக் கடை வச்சு சம்பாதிக்க, அதான் கொண்டுவிக்க, போன மாதிரியே புத்தகமும் வெளியூர்த் தொழிலாப் போச்சு. கோட்டையூர் ரோஜா முத்தையா ஐயாவை எடுத்துக்கங்க, போர்டு எழுதுற ஓவியரு, கெடைச்ச காசையெல்லாம் போட்டு புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு லட்சத்துக்குப் பக்கம் சேர்த்தாரு. 1992ல அவரு காலமானப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994ல சென்னைல நூலகமா ஆக்கினாங்க. நல்லாப் பாதுகாக்குறாங்க, அதுல எனக்கு நன்றிதான். ஆனாலும் கோட்டையூர் வழியா பஸ்ல போறப்பல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகும்.

நம்ம ஊர்லயும் அது நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, இப்பவும். போன தை மாசம் ஒரு வீட்டை ஒழிச்சாங்க, பங்காளிக பாகம் பிரிச்சு வித்துட்டாங்க, அதைக் குத்தம் சொல்ல வரல. பழைய பேப்பர் கடைல ரெண்டு சாக்கு கெடந்துச்சு. கடைக்காரத் தம்பி எனக்குத் தெரிஞ்ச புள்ள, "டீச்சர், பாத்துட்டு வேணும்ங்கறதை எடுத்துக்கங்க"ன்னு சொன்னான் (லைப்ரரிக்காரவளை ஏன் டீச்சர்ங்கறான்னு தெரியல, சின்ன வயசுலேருந்து அப்படித்தான்). பேரேடு ரெண்டு, கல்யாணத்துக்கு எழுதிக்கிற ஒப்பந்தமான இசைகுடிமானம் ஒண்ணு, அதுக்கு அடியில ஒரு கட்டு தபால். மேல இருந்த கார்டை எடுத்தேன். உச்சியில பிள்ளையார் சுழி, சிவமயம், ரங்கூன் மொகல் தெரு. கடையில பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடியா வேலை கத்துக்கிட்டு, இருந்த ஒரு புள்ள ஆத்தாளுக்கு எழுதினது. நெல்லு விலை எழுதிருக்கான், மேலாள் கோவக்காரருன்னு எழுதிருக்கான், மூணு வருஷக் கணக்கு முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்குன்னு எழுதிருக்கான், கடைசி வரில எடம் பத்தாம எழுத்தைப் பொடிசாக்கி, நம்ம செவலைப் பசு கன்னு போட்டுச்சா, கெடேரியா காளையான்னு கேட்டிருக்கான். மை ஒரு எடத்துல ஊறிப் படர்ந்திருக்கு. மழைத் தண்ணியோ என்னவோ. அந்தக் கட்டுல நாப்பத்தொரு கார்டு. கிலோ பதினஞ்சு ரூபாய்க்குப் போயிருக்கும்.

இந்த விழாவோட மொதல் நிகழ்ச்சி அந்தக் கார்டுகளைப் படிக்கிறதா இருக்கணும்ங்கறது என் ஆசை. அந்தக் குடும்பத்துல கேட்டேன், பேரைச் சொல்லாமப் படிங்கன்னு அனுமதி குடுத்துட்டாங்க. நம்ம ஹைஸ்கூல் புள்ளைங்க படிக்கணும், அந்தப் பையன் வயசுதான் அதுகளுக்கும். உங்க வீட்டுப் பெட்டிலயும் இந்த மாதிரி கெடக்கும், மலேயா தபால், சைகோன் தபால், எடுத்துட்டு வாங்க. அப்புறம் தாலாட்டு. நம்ம ஆச்சிமார் பாடுற தாலாட்டுல கப்பலு, கொண்டுவிக்கிற கடை, மாமன் கொண்டுவர்ற சாமான் பட்டியல், ஒரு வம்ச வரலாறே இருக்கு, அதைத் தெரிஞ்ச வாய் இன்னைக்கு இந்தக் கூட்டத்துல ஏழெட்டு இருந்தா அதிகம். வர்ற கவிஞர்கள் கீழ உக்காரட்டும், ஆச்சிமார் பாடட்டும்.

இப்ப அந்த ஐயா கேட்ட கேள்விக்கு வர்றேன். யாரு வருவா? எண்பது பேரு வந்தாப் போதும். அதுக்கு மேல வேணாம்னுகூடச் சொல்வேன். எங்க தங்குவாங்க? பூட்டிக் கெடக்குற வீட்டுலதான். முகப்பு, வளவுங்கற நடு முற்றம், ரெண்டாங்கட்டு, வளவைச் சுத்தி புள்ளிக்கு (கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி) ஒரு அறை, அண்டா குண்டா வார்ப்பு எல்லாம் சீதனமா வந்து அடுக்கி வச்சபடி, ஐநூறு பேருக்குச் சமைக்க இதைவிட என்ன வேணும்? சாவி ஒண்ணு பெங்களூர்ல, ஒண்ணு சிங்கப்பூர்லன்னு இருக்கு, வாஸ்தவம். படைப்புன்னா அந்தச் சாவியெல்லாம் எப்படியோ வந்து சேருதுல்ல? பங்காளிக்கு ஒரு போன் போட்டா கதவைத் தொறக்குறாங்க, ரெண்டு நாள்ல வெள்ளையடிச்சு, கிணத்துல மோட்டார் எறக்கி, எல்லாம் ஆகிப்போகுது. சாமிக்கும் முன்னோருக்கும் செய்யத் தெரிஞ்ச ஊருக்கு இதைச் செய்யத் தெரியாதா?

காசுக்குப் பெரிய கம்பெனி பேனர் தேடி அலைய வேணாம். கோயிலுக்குப் புள்ளி வரி வாங்குற மாதிரி, புள்ளிக்கு இவ்வளவுன்னு போடலாம், நகரத்தார் மட்டும்னு இல்லாம தெருத்தெருவா எல்லா சமூகமும் சேர்ந்து. நானும் என் பென்ஷன்லேருந்து ஒரு புள்ளி குடுப்பேன்.

நமக்குக் கடல் இல்ல, படகு இல்ல. ஆனா பல்லவன் ரயில் இருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எழும்பூர்ல ஏறினா ராத்திரி காரைக்குடியில எறங்கலாம், திங்கக்கிழமை விடியக்காலம் திரும்ப ஏத்தி விடலாம். அதுதான் நம்ம படகு. கூப்பிடும்போதே சொல்லிடுவோம், வந்தா ரெண்டு நாளும் இருக்கணும், பேசிட்டு ஓடுறவங்க வேணாம், பொன்னாடை கெடையாது, காலைல வெள்ளைப் பணியாரமும், இட்லிக்குக் கோசமல்லியும் உண்டுன்னு. வரமாட்டேன்னு சொன்னா விடுங்க, வர்றவங்க வருவாங்க. அதே மாதிரி நாமளும் ஒரு வேலை செய்யணும். யாரைக் கூப்பிடுறோமோ அவங்க புத்தகத்தை ஊர்ல இருபது பேராவது ஆறு மாசத்துக்கு முன்னாடியே படிச்சிருக்கணும். லைப்ரரில இருக்குறது லைப்ரரிலேருந்து, இல்லாததை வாங்கிச் சுத்துல விடுவோம், வீடு வீடா. இதுல மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன். படிக்காம ஒரு எழுத்தாளரைக் கூப்பிடுறது இலை போட்டுட்டுச் சோறு போடாத மாதிரி.

ஆவணியிலயா தையிலயாங்கறதைப் பெரியவங்க முடிவு பண்ணுங்க, மாசி பங்குனி வேணாம், கம்பன் விழாவுக்குக் குறுக்க நாம போகக்கூடாது. அந்த மேஜை மேல ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருக்கேன், பேனா கட்டி விட்டிருக்கு. எத்தனை பேரை உங்க வீட்டுல தங்க வைக்க முடியும், சாவி யாருகிட்ட இருக்கு, வீட்டுல பழைய தபாலோ தாலாட்டு நோட்டோ இருக்கா, மூணே கேள்விதான். எழுதத் தெரியாத ஆச்சிமார் எங்கிட்ட சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். பின்னாடி பந்தி தயாராயிடுச்சுன்னு கை காட்டுறாங்க, எழுதிட்டுச் சாப்பிடப் போங்க.