கடலோரக் கட்டடத்தில் கண்ணாடி

நேயர்களுக்கு வணக்கம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்போது எழும்பும் கடை, ஓட்டல், மருத்துவமனை எதுவானாலும் முகப்பில் கண்ணாடி கேட்கிறார்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் கண்ணாடியின் நிறத்தை மணிக்கணக்கில் தேர்வு செய்பவர்கள், அதைப் பிடித்து நிற்கும் திருகையும் ரப்பரையும் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. உப்புக்காற்று முதலில் அரிப்பது அந்தத் திருகைத்தான்.

முதலில் புயல் கணக்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கட்டடம் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 நம் கடற்கரைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் வரும். காற்று கண்ணாடியை உள்ளே தள்ளுவதோடு நிற்காது. பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வெளியே இழுக்கும். கட்டடத்தின் மூலைகளில் அந்த இழுப்பு இன்னும் அதிகம். ஆகவே நடுவில் போட்ட அதே தடிமனை மூலையிலும் போடலாமா என்பதை வடிவமைப்பாளர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

டஃபன்டு, அதாவது வலுவூட்டிய கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். அதன்பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அதனால் சுவர்ப் பூச்சு வேலை முடிந்த பிறகே இறுதி அளவு எடுங்கள். தலைக்கு மேலே வரும் கூரைக்கும் மாடிக் கைப்பிடிக்கும் லேமினேட் கண்ணாடி, அதாவது இரண்டு கண்ணாடிகளை நடுவில் படலம் வைத்து ஒட்டியது வேண்டும். உடைந்தாலும் அந்தப் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, திருகுக்கு வருவோம். எவர்சில்வர் என்றாலே துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விடும். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் அதைவிட நன்றாகத் தாங்கும். எவர்சில்வர் போல்ட் அலுமினியத்தை நேராகத் தொட்டால், உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். நடுவில் ஒரு நைலான் வாஷர் வையுங்கள். செலவு மிகச் சொற்பம். சட்டத்தின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளைச் சிலிக்கான் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அடைத்தால் உள்ளே போன மழைநீர் அங்கேயே தேங்கி, லேமினேட்டின் ஓரம் வெளுத்துப் பிரியும்.

மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியைப் பாருங்கள். வடக்கு, தெற்கு முகங்களில் திறந்து மூடும் பட்டைகளை வைத்தே வெயிலையும் காற்றையும் சமாளித்தார்கள்.

அப்புறம் பராமரிப்பு. உப்புப் படிவை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். உவர்ப்பான போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும். சிமெண்ட் தெறித்தால் ஈரம் காயும் முன் கழுவிவிடுங்கள். ஆசிட் மட்டும் வேண்டாம், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். கழுவ ஆள் எங்கே நிற்பார், கயிறு எங்கே கட்டுவார் என்பதை வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கண்ணாடியின் அளவு, தடிமன், துளை இடம் எழுதிய தாளை ஒப்பந்தக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உடைந்தால் மாற்றுக்கு அதே தாளை அனுப்பலாம். நன்றி, வணக்கம்.