புல்வெளி நடுவில் வேண்டாம்

அவையோருக்கு வணக்கம்.

ஏப்ரலில் வர்ஜீனியாவின் காட்டோரச் சாலைகளில் கார் ஓட்டியிருப்பீர்கள். ஓக் மரங்கள் அப்போதுதான் தளிர்க்கத் தொடங்கியிருக்கும். அவற்றின் காலடியில் தட்டுத் தட்டாக வெள்ளை விரிந்து கிடக்கும். அதுதான் டாக்வுட். 1918 முதல் இந்த மாநிலத்தின் மலர் அது. 1956 முதல் மாநில மரமும் அதுவே. ஒரே ஆளுக்கு இரண்டு பதவி!

பூ என்று நாம் கொண்டாடும் அந்த நான்கு வெள்ளை இதழ்கள் இதழ்களே அல்ல. நம்மூர்க் காகிதப்பூவைப் போல, நிறம் மாறிய இலைகள். உண்மையான பூக்கள் நடுவே பொடிப்பொடியாகப் பச்சையும் மஞ்சளுமாக இருக்கின்றன.

ஓக் மரத்தின் காலடி என்றேனே, அதை மறந்துவிடாதீர்கள். வீடு வாங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? புல்வெளி நடுவில், உச்சி வெயிலில் கொண்டுபோய் நடுகிறோம். நானும் நட்டேன். ஜூலையில் இலையோரம் கருகியது. புல் வெட்டும்போது அடிமரத்துப் பட்டை உரிந்தது. சின்னக் கீறல்தானே என்று விட்டுவிட்டேன். அந்தக் கீறல் வழியாகத் துளைப்பான் புழு உள்ளே போனது. நான்காம் ஆண்டு மரத்தை வெட்டி எடுத்தேன்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடம் பாருங்கள். நிழல் என்றதும் காற்றுப் புகாத ஈர மூலைக்குப் போய்விடாதீர்கள். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய்க்கு அதுதான் பிடித்த இடம். 1970களின் இறுதியில் தெரியவந்த அந்த நோய், காட்டு மரங்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. மேரிலாந்தின் கேடாக்டின் மலைப் பூங்காவில் தப்பி நின்ற ஒரு மரத்திலிருந்து வந்த ரகம்தான் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்'. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வாங்கும் இடத்தில் பெயர்ச்சீட்டு இல்லையா? உதிர்ந்த பச்சை இலை ஒன்றை மெல்லக் குறுக்கே கிழித்துப் பிரியுங்கள். தாமரைத் தண்டை ஒடித்தால் வருமே, அப்படி மெல்லிய நூல்கள் இரு துண்டையும் பிடித்துத் தொங்கினால் அது டாக்வுட் இனம்தான்.

இதன் வேர் மேலாகவே ஓடும். ஆகவே குழி அகலமாக இருக்கட்டும், வேர்க்கட்டியைப்போல், அதாவது வேரைச் சுற்றியுள்ள மண் உருண்டையைப்போல், இரண்டு மூன்று மடங்கு. ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். நம் சிவப்புக் களிமண்ணில் இரண்டு விரற்கடை மேடாக நின்றாலும் நல்லதே. மண் கொஞ்சம் அமிலமாக, பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். மேலே மூன்று அங்குலத்துக்கு மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் மரப்பட்டைத் துண்டுகள், போடுங்கள். அது அடிமரத்தைத் தொடக் கூடாது. இந்த ஊர்க்காரர்கள் புற்று மாதிரிக் குவிக்கிறார்கள், அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். முதல் இரண்டு கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள்.

கவாத்து செய்வதானால் பூ முடிந்த கையோடு செய்யுங்கள். இலை உதிர்ந்தபின் கிளை நுனிகளில் பித்தான் போல உருண்டையாக உட்கார்ந்திருப்பவைதான் அடுத்த ஏப்ரலின் பூமொட்டுகள். குளிர்காலத்தில் அவற்றை நறுக்கித் தள்ளிவிட்டு, மரம் ஏன் பூக்கவில்லை என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள்!